முதலாளி பார்டாக்கும் கடற்கோட்டையும்

1. படத்தில் வந்த அக்குள்

அன்று காலை என் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் வந்து நின்றது ஓர் அக்குள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்குளுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்து கிடந்தது. கீழே தள்ளினால் இன்னும் நாலைந்து படங்கள். ஆட்கள் வேறு வேறு, புண் மட்டும் ஒரே இடத்தில்.

திருப்பூரில் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சரக்கு வாங்கும் பையரிடமிருந்து என்ன மாதிரிப் படங்கள் வரும் என்று. ஓட்டை விழுந்த துணி, சாயம் இறங்கிய காலர், தலைகீழாகத் தைத்த லேபிள். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குத் தோல் தடித்துவிட்டது. ஆனால் மனிதத் தோலைப் படமாக அனுப்பியவர் அதுவரை யாரும் இல்லை. நாங்கள் தைத்த சட்டைதான் அந்தப் புண்ணுக்குக் காரணம் என்று கீழே எழுதியிருந்தது.

நான் அப்போது பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். சொந்த ஊர் அவிநாசிபாளையம். பேட்டர்ன் போடுவது, முதல் சட்டையைத் தைத்துப் பார்ப்பது, அளவு சரிபார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி குழந்தைவேல், மூலனூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

படம் அனுப்பியவர் இவானா. குரோயேஷியா நாட்டுக் கடற்கரையில் கயாக் விடுகிறவர், அதற்கான சட்டைகளையும் விற்கிறவர். கயாக் என்றால் நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் படகு. காலை உள்ளே நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அகன்ற துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறித் தண்ணீரை வலிக்க வேண்டும். அதற்குப் போடும் உடம்பை ஒட்டிய முழுக்கைச் சட்டைக்கு எங்கள் தொழிலில் ராஷ் கார்டு என்று பெயர். தோலில் உராய்வுப் புண் வராமல் காப்பதற்காகவே தைக்கிற சட்டை. அதுவே புண்ணை உண்டாக்கினால் என்ன சொல்வது?

இவானாவின் ஆர்டரை நம்பித்தான் முதலாளி ஃப்ளாட்லாக் மெஷின்கள் வாங்கி இரண்டு லைன், அதாவது இரண்டு தையல் வரிசை, போட்டிருந்தார். ஃப்ளாட்லாக் என்பது இரண்டு துணியையும் ஒன்றின்மேல் ஒன்று மேடு தட்டாமல் படுக்கவைத்துத் தைக்கும் தையல். அந்த லைன்களில் சேவூர்ப் பெண்களும் பீகார்ப் பையன்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். சரக்கு முழுக்க இவானாவின் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. "திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை" என்று மெயிலில் எழுதியிருந்தார். திரும்பி வந்தால் அந்த இரண்டு லைனையும் மூடுவதைத் தவிர வழி இல்லை.

நான் தைத்து, இவானா ஒப்புக்கொண்டிருந்த அப்ரூவல் சாம்பிளை எடுத்து மேஜையில் விரித்தேன். டேப் வைத்து ஒவ்வொரு பாயிண்டாக அளந்தேன். எல்லாம் சரி. துணியை லேபுக்கு அனுப்பினோம். கடல்தண்ணீரில் சாயம் இறங்குமா, வியர்வையில் இறங்குமா என்று பார்த்து எல்லாவற்றுக்கும் பாஸ் போட்டு அனுப்பினார்கள். நான் அதையெல்லாம் அழகாக ரிப்போர்ட் ஆக்கி அனுப்பினேன். பதில் இரண்டே வரி.

"உங்கள் மேஜைக்கு அக்குள் இல்லை. இங்கே வந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, துடுப்புப் போட்டுப் பாருங்கள்."

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அம்மணி, உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

2. முன்னால் யார்

துப்ரோவ்நிக் என்பது குரோயேஷியாவில் முழுக்கக் கல்மதில் சூழ்ந்த பழைய ஊர். மூன்று பக்கம் கடல். இவானாவின் கடையும் குடோனும் அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன மீனவ ஊரில் இருந்தன. நானும் முதலாளியும் அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை இவானா எங்களைக் கல்லும் சரளையுமாக இருந்த கரைக்கு அழைத்துப்போனார். உயரமான பெண், வெயிலில் காய்ந்து நிறம் ஏறிய முகம், வளவளவென்று பேசாத சுபாவம். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே நான் எழுதுவது எனக்குப் புரிந்த தமிழ்.

"இங்கிருந்து துப்ரோவ்நிக் போகப்போகிறோம். காரில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் சட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றார்.

குடோனிலிருந்த எங்கள் சரக்கிலிருந்தே ஆளுக்கொரு சட்டை எடுத்துக் கொடுத்தார். வருஷக்கணக்காகச் சேலையிலும் சுடிதாரிலும் இருந்த உடம்பு அந்தச் சட்டைக்குள் நுழைவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. முதலாளி தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கயாக். முன்னால் உட்காருபவர் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னால் உட்காருபவர் காலடியில் இருக்கும் இரண்டு பெடலால் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இவானா சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப முன்னாடி நானுங்க" என்றார் முதலாளி. மொத்த ஆயுளிலும் அவர் பின்னால் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கும் அது வசதிதான். தையல் மெஷின் பெடல் மிதித்துத்தான் நான் சோறு தின்றேன்.

"மொதலாளி, உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா?"

"எங்கீங்க அம்மணி? எங்கூருல கெணத்துல தண்ணி இருந்தாத்தானுங்க பழகறதுக்கு."

எனக்குத் தெரியும். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி, அம்மாவைப் பெற்ற அப்புச்சி கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தார். ஆனால் கிணறு வேறு. எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் ஒரு சுவர் உண்டு, பிடித்துக்கொள்ளலாம். இங்கே கரையை விட்டு நாலு வலி வலித்ததும் கீழே பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, ரொம்ப ஆழத்தில் வெள்ளைக் கற்கள் தெரிந்தன. எங்கள் கயாக்கின் நிழல் அந்தக் கற்களின் மேல் தனியாக ஊர்ந்து வந்தது. பறக்கிறோமோ என்று தோன்றியது. பார்வையை மேலே தூக்கிக்கொண்டேன்.

3. கல்லு மாதிரி

முதல் கொஞ்ச தூரம் நாங்கள் போன வழியை யாராவது வரைந்திருந்தால் பாம்பு போன தடம் என்பார்கள். முதலாளி இடது பக்கம் போடும்போது நான் வலது பக்கம் போடுவேன். துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொள்ளும். இவானா தன் கயாக்கில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"ஒட்டுக்காப் போடுங்க மொதலாளி."

"நான் ஒட்டுக்காத்தானுங்க போடறேன். நீங்கதான் பிந்தறீங்க."

"முன்னாடி இருக்கறவரப் பாத்துத்தானுங்க பின்னாடி போட முடியும். நீங்க ஒரே சீராப் போடுங்க."

ஒரு டூரிஸ்ட் படகு தடதடவென்று எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய அலை பக்கவாட்டில் வந்து தூக்கியது. முதலாளி துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கயாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். "அங்காளம்மா, அங்காளம்மா" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அலை போன பிறகு திரும்பாமலே சொன்னார், "ஒண்ணுமில்லீங்க, சும்மா கை வலிச்சுது."

அதற்குப் பிறகுதான் சீர் வந்தது. இடம், வலம், இடம், வலம். லைனில் நல்ல ஆபரேட்டர்கள் நாலு பேர் ஒரே தாளத்தில் தைக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. சீர் வந்ததும் இன்னொன்றும் வந்தது. அக்குளில் ஒரு குத்தல்.

முதலில் அரிப்பு மாதிரி இருந்தது. துடுப்பு நீர் சட்டையில் தெறித்துக் காய்ந்து உப்புப் பூத்ததும் எரிய ஆரம்பித்தது. லைஃப் ஜாக்கெட்டின் ஓரம் சட்டையை அக்குளுக்குள் அழுத்துகிறது. கை முன்னே போய்ப் பின்னே வரும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று ஒரே இடத்தில் தேய்க்கிறது. ஒரே இடம். படங்களில் பார்த்த அதே இடம்.

பாறைகளுக்கு நடுவே அலை இல்லாத ஒரு ஒதுக்கில் நின்று இளைப்பாறினோம். இவானா கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் லைஃப் ஜாக்கெட்டைத் தளர்த்தி, சட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சட்டைக்கையின் தையலும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தில், நாலு மூலையும் சேரும் அந்தப் புள்ளியில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டி. கல்லு மாதிரி.

பார்டாக்.

தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜீன்ஸ் பேண்ட் பாக்கெட் ஓரத்தில் நெருக்கமாகக் குறுக்கே ஓட்டிய சின்னத் தையல் இருக்கும், பாருங்கள். அதுதான் பார்டாக். தையல் பிரியாமல் இருக்கப் போடுவது. நான் தைத்து அனுப்பிய சாம்பிளில் அது இல்லை. இவானா கொடுத்த டெக்பேக்கிலும் இல்லை. டெக்பேக் என்பது சட்டை எப்படித் தைக்க வேண்டும் என்று பையர் எழுதிக் கொடுப்பது, எங்களுக்கு அதுதான் வேதம்.

யார் போட்டது என்று கேட்கவே வேண்டியதில்லை. எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயரே முதலாளி பார்டாக். அவர் ஆரம்ப காலத்தில் அனுப்பிய முதல் எக்ஸ்போர்ட் சரக்கில் அக்குள் தையல் விட்டுப்போய், அத்தனையும் திரும்பி வந்து, மனிதர் எழுந்திருக்கவே ரொம்ப நாள் ஆனது. அன்றிலிருந்து அக்குள் என்றாலே அவருக்கு ஒரு பயம். சாயங்காலம் லைனுக்குள் நடந்து போவார். "அக்குள்ல ஒண்ணு போட்டு உடுங்க, கெட்டியா இருக்கட்டும்" என்பார். காட்டன் டீ-ஷர்ட்டில் அது ஒருவரையும் ஒன்றும் செய்ததில்லை. செக்கிங்குக்கு வருகிறவர்கள்கூட "நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ராஷ் கார்டிலும் போடச் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"மொதலாளி."

"ம்."

"அக்குள்ல பார்டாக் போடச் சொன்னீங்களா?"

அவர் திரும்பவில்லை. அவர் கை தன் அக்குளைத் தடவிப் பார்ப்பது பின்னாலிருந்து தெரிந்தது. அவருக்கும் எரிந்திருக்கிறது, சொல்லாமல் வந்திருக்கிறார்.

"கெட்டியா இருக்கட்டும்னுதானுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார், அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மீன்கள்தான் என்றாலும். "அம்மணி, இதைய இவங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க. டெக்பேக்ல இல்லாததப் போட்டோம்னு தெரிஞ்சா பூராச் சரக்கையும் திருப்பித் தாட்டி உட்டுருவாங்க. அப்பறம் பேச்சே இல்லீங்க. உப்புத் தண்ணியில துணி வெறைக்குது, சாஃப்ட்னர் மாத்தித் தர்றோம்னு சொல்லிக்கலாம்."

"புண்ணு வந்துட்டே இருக்குமுங்களே."

"அந்த ரெண்டு லைன்ல இருக்கறவங்களுக்கு நான் என்னங்க சொல்லறது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் பொய் இல்லை. சேவூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் முகங்கள் எல்லாம் கண்ணில் வந்து நின்றன. "சரிங்க" என்றும் சொல்லவில்லை, "முடியாதுங்க" என்றும் சொல்லவில்லை. பெடலில் காலை வைத்தேன். இவானா கையை அசைத்தார், கிளம்பினோம்.

4. சுவர்

இடது பக்கம் காடு மூடிய ஒரு தீவு வந்தது. வலது பக்கம் மலை நேராகக் கடலில் இறங்கியிருந்தது. வெயில் எங்கள் முதுகில். நான் முதலாளியின் முதுகையும் தொப்பியையும் பார்த்துக்கொண்டு, அக்குள் எரிய, மனமும் எரிய, துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முனையைச் சுற்றித் திரும்பினோம். முதலாளியின் துடுப்பு நின்றுவிட்டது.

"அட சாமி" என்றார்.

அவர் தொப்பிக்கு ஓரமாக எட்டிப் பார்த்தேன். முதலில் அது மலை என்றுதான் நினைத்தேன். அப்புறம் மலைக்கு மூலை இருப்பது தெரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பாறை எழுந்து, பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அப்படியே மேலே மேலே போய், காலை வெயில் முழுக்க அதன்மேல் விழுந்து, சோற்று வெள்ளையில் ஒரு ஊரே கடலின் மேல் நின்றது. மூலைக்கு மூலை கொத்தளங்கள். சுவருக்கு மேலே சிவப்பு ஓடுகள் அடுக்கடுக்காக. நாங்கள் சின்ன அலையில் ஏறி இறங்க, அந்த ஊரும் ஏறி இறங்கியது. உண்மையில் அது அசையாமல் நிற்கிறது, அசைகிறவர்கள் நாங்கள்தான் என்று மனதுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கிணற்றில் சுவருக்கு நடுவே தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே தண்ணீருக்கு நடுவே சுவர். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயம் இல்லை, துக்கம் இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று உலகத்தில் இத்தனை காலமாக நின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் பாட்டுக்கு மேஜைக்கு முன்னால் டேப்பை விரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

உள்ளே ஏதோ கோயில் மணி அடித்தது. சத்தம் சுவரைத் தாண்டி வந்து தண்ணீரில் பரவியது. முதலாளி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அது எந்தச் சாமியின் மணி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பக்கத்தில் போகப் போகச் சுவர் வானத்தைத் தின்றுகொண்டே வந்தது. அடிவாரத்துக்குப் போனபோது தலையை முழுக்கப் பின்னால் சாய்த்தால்தான் உச்சி தெரிந்தது. குருவிகள் கீச்சிட்டபடி கல் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. அத்தனை உயரத்தில், மதிலுக்கும் மேலே எழும்பிய ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ஒரு கொடியில் துணி காய்ந்தது. இரண்டு பெட்ஷீட், ஒரு பாவாடை, ஒரு நீலப் பனியன்.

அந்தப் பனியனைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது எங்கள் ஊரில் தைத்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நாம் டப்பாவில் போட்டு அனுப்புவதை யாரோ ஒருவர் இப்படி ஒரு கோட்டைக்கு மேலே துவைத்துக் காயப்போடுகிறார். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சரக்கு தூத்துக்குடிக்குப் போகும்வரைதான் எனக்குத் தெரியும்.

இவானா தன் கயாக்கை எங்களுடையதோடு ஒட்டி நிறுத்திக் கையால் பிடித்துக்கொண்டார். சுவர் நிற்கும் பாறையை நான் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, சூடாக இருந்தது.

முதலாளி மேலே பார்த்தபடியே என்னிடம் கேட்டார். "எத்தன தடிமன் இருக்கும்னு கேளுங்க. கோயமுத்தூரு ஜெயிலு செவுத்தவிட எச்சா இருக்கும்போல."

கேட்டேன். இவானா சிரித்தார். இத்தனை நேரத்தில் முதல் சிரிப்பு.

"நிலத்துப் பக்கம் ரொம்பத் தடிமன். எதிரிகள் பீரங்கியோடு வருகிற வழி அது. இந்தக் கடல் பக்கம் அதில் பாதிகூட இல்லை. இங்கே பாறையும் கடலுமே காவல். பார்க்கிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும், அவ்வளவுதான்."

நான் தமிழில் சொன்னேன். முதலாளி சுவரை அடியிலிருந்து உச்சிவரை இன்னொரு முறை பார்த்தார். அலை பாறை இடுக்கில் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அதுஞ்செரிதானுங்க" என்றார் கடைசியில். "எல்லாப் பக்கமும் கெட்டியாப் போட்டிருந்தா ஊருக்குள்ள மனுசன் குடியிருக்க எடம் இருந்திருக்காதுங்க."

சொல்லிவிட்டு அக்குளைத் தடவினார். பிறகு, முன்னால் உட்கார்ந்திருந்தவர், உடம்பை முறுக்கி இவானா பக்கம் திரும்பினார். கயாக் ஆடியது. அவர் ஓரத்தைப் பிடிக்கவில்லை. அவருடைய இங்கிலீஷில், யார் மொழிபெயர்ப்பும் இல்லாமல், அவரே சொன்னார்.

"மேடம். அண்டர்ஆர்ம் பார்டாக். நாட் இன் டெக்பேக். ஐ ஒன்லி டோல்ட் தெம். ஷி டோன்ட் நோ. மை மிஸ்டேக்."

இவானாவின் கை எங்கள் கயாக்கைப் பிடித்தபடியே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஏனோ தோன்றியது.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"ஃபியர், மேடம்" என்றார் முதலாளி.

இவானா கையை எடுக்கவில்லை. "கரைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றார்.

5. ட்ரிம்மர்

கோட்டைக்கு வெளியே, மதிலின் நிழல் முடியும் இடத்தில் ஒரு சரளைக் கடற்கரை. அங்கே ஏறினோம். நூல் வெட்டும் ட்ரிம்மர் என் பையில் எப்போதும் இருக்கும், கோயிலுக்குப் போனாலும் இருக்கும். இவானா ஈரம் படாத பையிலிருந்து எங்கள் சட்டை ஒன்றைப் புதிதாக எடுத்து நீட்டினார்.

"ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் அப்படியே இருக்கட்டும்."

நல்ல யோசனை. வலது அக்குளின் பார்டாக்கைப் பிரித்தேன். சுலபத்தில் வரவில்லை. கெட்டியாக இருக்க வேண்டும் என்று போட்டதாயிற்றே. பிரித்த பிறகு முதலாளி அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், முகம் சிவக்க இழுத்தார். ஃப்ளாட்லாக் தையல் அசையவே இல்லை. அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்து எனக்கு இரக்கமாகிவிட்டது. அத்தனை வருஷம் அந்த மனிதர் தன் தையலையே நம்பாமல் இருந்திருக்கிறார்.

இவானா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வந்த வழியே கடலில் திரும்பினோம்.  இவானா எங்களுக்கு முன்னால் போனார், வேண்டுமென்றே வேகமாக, கையை நன்றாக வீசி. நான் திரும்பித் திரும்பிக் கோட்டையைப் பார்த்தேன். முனை வந்து மறைத்தது.

மீனவ ஊர்க் கரையில் இறங்கியதும் இவானா சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி, முதன்முதலில் வந்த படத்தில் இருந்தவர் மாதிரியே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் சிவந்து தடித்திருந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

முதலாளி அங்கேயே சரளையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரக்கைத் திருப்பி அனுப்பவில்லை" என்றார் இவானா. "ஆனால் இதை இங்கேயே பிரிக்க வேண்டும். நீங்கள் போட்டது, நீங்கள் பிரியுங்கள். இனி என் டெக்பேக்கில் இல்லாத ஒரு தையல் வந்தாலும் நம் உறவு அன்றோடு சரி."

"தேங்க் யூ மேடம்" என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, "இன்னொரு ட்ரிம்மர் வெச்சிருக்கீங்களா அம்மணி?" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பயணமே மாறிப்போனது. பகலெல்லாம் குடோனில் உட்கார்ந்து பிரித்தோம். இவானாவும் அவருடைய கயாக் ஆட்கள் சிலரும் கூட உட்கார்ந்தார்கள். சொந்தக் கம்பெனியில் ஒரு நூல்கூட எடுத்துப் போடாத மனிதர், முட்டியில் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இத்தன கெட்டியாப் போட்டு வெச்சிருக்கறானுகளே, கெரகம்."

"நீங்க சொன்னதத்தானுங்க செஞ்சிருக்காங்க."

"தெரியுமுங்க, தெரியுமுங்க."

6. பின்னால் உட்கார்ந்தவர்

எல்லாம் முடிந்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை. முதலாளி என்னிடம் வந்து கொஞ்சம் தயங்கி நின்றார்.

"அம்மணி, இன்னொருக்கா போயிட்டு வரலாமுங்களா? சும்மா, பாக்கறதுக்கு."

இவானா அதே கயாக்கைக் கொடுத்தார். நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன். முதலாளி தலையை ஆட்டினார்.

"இந்த வாட்டி நான் பின்னாலீங்க. நீங்க முன்னாடி உக்காருங்க."

"உங்களுக்குப் பெடல் மிதிக்க வராதுங்களே?"

"வரும், வரும். அன்னிக்கு நீங்க என் முதுகத்தான பாத்துட்டு வந்தீங்க? முன்னாடி இருக்கறவங்களுக்குத்தான் அது முழுசாத் தெரியுது. போய் உக்காருங்க."

அவர் ஓட்டிய லட்சணத்தில் தீவுக்கு ஒருமுறை, மலைக்கு ஒருமுறை போய் முட்டப் பார்த்தோம். இவானா சத்தமாகவே சிரித்தார். ஆனால் அந்த முனையைத் திரும்பியபோது எனக்கும் கோட்டைக்கும் நடுவில் எதுவும் இல்லை. யாருடைய முதுகும் இல்லை, தொப்பியும் இல்லை. கயாக்கின் கூர்மையான மூக்கு, அதற்கப்பால் கொஞ்சம் கடல், அதற்கப்பால் அந்தச் சுவர். பார்டாக் பிரித்த சட்டை உடம்பில் இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது. நாங்கள் சரியாகத் தைத்திருந்தால் அந்தக் கடலில் யாருக்கும் எங்களைப் பற்றி நினைப்பே வந்திருக்காது. அவர்கள் கண் முழுக்க அந்தச் சுவர்மேல் இருந்திருக்கும்.

இதுதான் சாம்பிள் ரூமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது. டேப் பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். சட்டை போடுகிறவர் எங்கே போகிறார், கையை எப்படி வீசுகிறார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். பையர் கேட்காததைக் கூடுதலாகச் செய்வது தர்மமும் ஆகாது, தரமும் ஆகாது. பயத்தில் போட்ட தையல் யாரோ ஒருவர் தோலில்தான் போய் முடியும்.

அந்த இரண்டு லைன்களும் இன்றைக்கும் ஓடுகின்றன. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சாம்பிள் ரூமில் ஒரு குட்டை ஸ்டூலும் ஒரு துடைப்பக் குச்சியும் வைத்திருக்கிறோம். ராஷ் கார்டு எது தைத்தாலும், தைத்தவர் அதைப் போட்டுக்கொண்டு அந்த ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து, குச்சியால் இடமும் வலமும் காற்றை வலிக்க வேண்டும், கை ஓய்கிறவரை. புதிதாக வந்தவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, ஸ்டூலுக்கும் எதிரே இருக்கும் வெறும் சுவருக்கும் நடுவே வந்து நிற்பார்கள்.

அவர்களை விலகச் சொல்லிவிடுவார் முதலாளி. "மறைக்காதீங்க சாமி" என்பார், "அவங்களுக்கு முழுசாத் தெரியட்டும்."